பகுதி–1, பகுதி–2 ஆசிரியர்களுக்குத் திருப்பூரிலிருந்து ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் கலை அறிவியல் கல்லூரிகளில் பகுதி–1 தமிழும் பகுதி–2 ஆங்கிலமும் நடத்தும் ஆசிரியர்களுக்கும், அந்தப் பாடங்களை வகுக்கும் பாடத்திட்டக் குழுவினருக்கும் வணக்கம்.

நான் திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி அலுவலகத்தில் வேலை செய்கிறேன். மெர்ச்சண்டைசிங் பிரிவுக்கு, அதாவது ஒரு ஆர்டரை வந்தது முதல் அனுப்பும் வரை கவனிக்கும் பிரிவுக்கு, புதிதாக ஆள் எடுக்கும்போது நேர்காணலில் உட்காருவதும், சேர்ந்தவர்களுக்கு முதல் ஆண்டில் வேலை பழக்குவதும் என் பொறுப்பு. நேர்காணலுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் உங்கள் மாணவர்கள். பி.காம்., பி.எஸ்சி., பி.சி.ஏ., பி.ஏ. ஆங்கிலம் என்று படித்துவிட்டு பல்லடம், அவிநாசி, தாராபுரம், காங்கேயம் பக்கமிருந்து வருகிறார்கள். பலர் வீட்டின் முதல் பட்டதாரிகள். அவர்களைப் பற்றி உங்களிடம் மனம்விட்டுப் பேச வேண்டும் என்று வெகுநாளாக நினைத்திருந்தேன்.

"இந்தக் காலத்துப் பிள்ளைகள் எந்நேரமும் போனிலேயே கிடக்கிறார்கள், அதனால்தான் மொழி வரவில்லை" என்ற பேச்சு எங்கள் அலுவலகத்திலும் உண்டு. உங்கள் ஆசிரியர் அறைகளிலும் இருக்கும் என்று நினைக்கிறேன். எனக்கு அது சரியாகப் படவில்லை. போன் வருவதற்கு முன்பு படித்த தலைமுறை கல்லூரியை விட்டு வெளியே வந்த பிறகு என்ன எழுதியது? ஊருக்கு ஒரு கடிதம், வங்கியில் ஒரு சலான், அவ்வளவுதான். இன்றைய பிள்ளைகளோ காலை எழுந்ததிலிருந்து எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். வாட்ஸ்அப்பில் எழுதுகிறார்கள், இன்ஸ்டாகிராமில் கமெண்ட் போடுகிறார்கள், நண்பனோடு சண்டை போடுவதும் சமாதானமாவதும்கூட எழுத்தில்தான். இத்தனை எழுத்துப் பழக்கம் இருந்தும் ஒரு முழு மின்னஞ்சல் எழுத முடியாமல் ஏன் தடுமாறுகிறார்கள் என்பதுதான் நாம் பார்க்க வேண்டிய விஷயம்.

எனக்குத் தெரிந்த காரணம் இது. அவர்கள் எழுதுவதெல்லாம் அவர்களை நன்றாக அறிந்தவர்களுக்கு. பாதி சொன்னால் போதும், மீதியை அந்த நண்பர் புரிந்துகொள்வார். புரியாவிட்டால் அடுத்த நொடியே கேட்டுவிடுவார். முன்பின் தெரியாத ஒருவருக்கு, எதிரில் இல்லாத ஒருவருக்கு, ஒரே முறையில் எல்லாம் விளங்கும்படி எழுத வேண்டிய நிலை அவர்களுக்கு வந்ததே இல்லை. வகுப்பிலாவது அது வந்திருக்க வேண்டும். அங்கேயோ அவர்கள் எழுதியது பெரும்பாலும் கைடிலிருந்தும் நோட்ஸிலிருந்தும் மனப்பாடம் செய்த விடைகள். எழுதிக் கொடுத்த தாளுக்கு மதிப்பெண் கிடைத்தது. "நீ சொல்ல வந்தது எனக்குப் புரியவில்லை, திரும்ப எழுது" என்று யாரும் சொல்லவில்லை.

எங்கள் வேலையில் இது எங்கே இடிக்கிறது என்று சொல்கிறேன். திருப்பூர் என்றால் தையல் இயந்திரம்தான் நினைவுக்கு வரும். ஆனால் 2024-25இல் இங்கிருந்து ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய்க்குப் பின்னலாடை வெளிநாடு போனது என்றால், அத்தனைக்கும் பின்னால் எழுத்து இருக்கிறது. ஒரு டி-ஷர்ட் ஆர்டர் வந்தது முதல் கப்பலேறும் வரை மெர்ச்சண்டைசருக்கு எழுத்து வேலைதான் அதிகம். நூல், நிட்டிங், டையிங், காம்பாக்டிங், பிரிண்டிங், கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் என்று துணி கைமாறிக்கொண்டே போகும். ஒவ்வொரு இடத்திலும் என்ன ஆயிற்று என்பதை பையருக்கு, அதாவது ஆடையை வாங்கும் வெளிநாட்டு நிறுவனத்துக்கு, ஆங்கிலத்தில் எழுத வேண்டும். லேப் டிப் (நிறம் சரிபார்க்கச் சாயமிட்ட சிறு துணி மாதிரி) கலர் ஏன் ஒரு ஷேடு மாறியது, துணி ஏன் குறைகிறது, சாம்பிள் எந்தத் தேதியில் வரும், எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல வேண்டும். அதே விஷயத்தை டையிங் யூனிட்டுக்கும் பிரிண்டிங் யூனிட்டுக்கும் தமிழில் எழுத வேண்டும். கெட்ட செய்தியை நேரத்தோடு, மரியாதையாக, மறைக்காமல் எழுதத் தெரிந்தவருக்கு இந்த ஊரில் வேலைக்குப் பஞ்சமில்லை.

முன்பு நான் வேலை செய்த ஒரு நிறுவனத்தில் நடந்தது. பையரிடமிருந்து ஒரு மெயில் வந்தது. விலை ஸ்டிக்கரை மாற்ற முடியுமா, மாற்றினாலும் அந்த வாரக் கப்பலைப் பிடித்துவிடுவீர்களா, பிடிக்க முடியாதென்றால் பழைய ஸ்டிக்கரே இருக்கட்டும் என்று கேட்டிருந்தார்கள். புதிதாகச் சேர்ந்திருந்த பெண் "ஓகே, நோட்டட்" என்று பதில் அனுப்பிவிட்டாள். ஸ்டிக்கரும் மாறும், கப்பலும் பிடிபடும் என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். புது ஸ்டிக்கர் தாமதமாக வந்தது, தூத்துக்குடியில் கப்பல் போய்விட்டது, சரக்கு கம்பெனி செலவில் விமானத்தில் போனது. அந்த ஆர்டரின் லாபம் முழுவதும் அதிலேயே கரைந்தது. அந்தப் பெண்ணுக்கு ஆங்கிலம் தெரியாமல் இல்லை. கல்லூரியில் ஆங்கிலத்தில் நல்ல மதிப்பெண். அறிவாளி, சுறுசுறுப்பு. மெயிலை வாட்ஸ்அப் செய்தி போலப் படித்தாள்: முதல் வரி, உடனே ஒரு பதில். ஒரு பத்திக்குள் மூன்று விஷயம் ஒன்றையொன்று சார்ந்து நிற்கலாம் என்று அவளுக்கு யாரும் உட்காரவைத்துக் காட்டவில்லை. இந்த மடலை எழுதும்போது அவள் நினைவாகவே இருக்கிறது, ஏனென்றால் அதற்குப் பிறகு தனக்கு இந்த வேலை சரிவராது என்று நின்றுவிட்டாள்.

வேலை கேட்டு வரும் செய்திகளையும் சொல்ல வேண்டும். "ஹாய் சார்" என்று மட்டும் ஒரு செய்தி வரும், நாம் பதில் போடும்வரை அடுத்த வரி வராது. பொருள் என்ற இடம் காலியாக, உள்ளே ஒரு வரிகூட இல்லாமல், பயோடேட்டா மட்டும் இணைத்த மெயில் வரும். எந்த வேலைக்கு என்று கேட்டு எழுதினால் கட்டைவிரல் படம் பதிலாக வரும், அல்லது இரண்டு நிமிட வாய்ஸ் மெசேஜ் வரும். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. பிழையே இல்லாத ஆங்கிலத்தில் அழகான விண்ணப்பம், ஆனால் நடுவில் அடைப்புக்குறிக்குள் "உங்கள் பெயரை இங்கே எழுதவும்" என்பது அப்படியே இருக்கும். அனுப்புகிறவர் அதை ஒரு தடவைகூடப் படிக்கவில்லை. இதைச் சொல்லி யாரையும் சிறுமைப்படுத்துவது என் நோக்கமல்ல. அனுப்பும் பிள்ளைக்கு இந்த முறை தெரிந்திருக்க வழியே இல்லை. அப்பா தறியிலோ காட்டிலோ வேலை செய்கிறார், அம்மா பனியன் கம்பெனிக்குப் போகிறார். அலுவலகத்துக்கு எப்படி எழுதுவது என்று வீட்டில் காட்ட ஆளில்லை. நகரத்துப் படித்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அது சாப்பாட்டு மேசையிலேயே வந்துவிடுகிறது. முதல் பட்டதாரிக்கு அது கல்லூரியில் வரவில்லை என்றால் எங்கும் வராது. அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன்.

கம்ப்யூட்டரே எழுதித் தரும்போது இனி இது எதற்கு என்று சில மாணவர்கள் கேட்பார்கள். நாங்களும் அலுவலகத்தில் அதைப் பயன்படுத்துகிறோம். நல்ல உதவிதான். ஆனால் டையிங்கில் எத்தனை கிலோ துணி குறைந்தது, அதை பையரிடம் இன்று சொல்வதா நாளை சொல்வதா, எதைச் சொன்னால் நம்பிக்கை குறையாது என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. எழுதித் தந்ததைப் படித்துப் பார்த்து, இது நான் சொல்ல வந்ததா என்று தீர்மானிக்க மனிதருக்கு மொழி வேண்டும். முன்பைவிட இப்போது கவனமாகப் படிக்கத் தெரிந்தவருக்குத்தான் தேவை கூடியிருக்கிறது.

தமிழைப் பற்றி. தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழ் தானாகவே வந்துவிடும் என்று நாம் எல்லோருமே நினைத்துக்கொண்டிருக்கிறோம். 2022 பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் தமிழ்ப் பாடத்தில் 47,000க்கும் மேற்பட்டவர்கள் தேர்ச்சி பெறவில்லை. கொரோனா கால இழப்பு அதில் பெரும் காரணம் என்பது தெரியும். அந்த வயதினர்தான் அண்மையில் உங்கள் வகுப்புகளில் இருந்தவர்களும் இப்போது இருப்பவர்களும். இவர்கள் நாளெல்லாம் போனில் தமிழ்தான் பேசுகிறார்கள், ஆனால் ஆங்கில எழுத்தில் அடிக்கிறார்கள். நண்பர்களுக்குள் அப்படி எழுதிக்கொள்வதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. எங்கள் டையிங் யூனிட்டுக்கு ஒரு பக்கக் குறிப்பைத் தமிழ் எழுத்தில் எழுதச் சொன்னால் கை நின்றுவிடுகிறது என்பதுதான் வருத்தம். ஒரு மனு, ஒரு புகார், கூட்டக் குறிப்பு, எதுவானாலும் "நீங்களே எழுதிக் கொடுத்துடுங்க அக்கா" என்கிறார்கள். 1999லேயே தமிழக அரசு தமிழ்99 விசைப்பலகையை ஏற்றுக்கொண்டது. இன்றைக்கு எல்லா போனிலும் தமிழ் அடிக்கலாம், ஆங்கில எழுத்தில் அடித்தாலே தமிழ் எழுத்தாக மாறி வரும் வசதியும் இருக்கிறது. ஆனாலும் கல்லூரிப் படிப்பு முடித்த பலர் ஒரு பத்தியைக்கூடத் தமிழில் தட்டச்சு செய்து பார்த்ததில்லை.

தமிழுக்கும் வேலைக்கும் என்ன சம்பந்தம் என்று இனி யாரும் கேட்க முடியாது. டி.என்.பி.எஸ்.சி. தேர்வுகளில் தமிழ்த் தகுதித் தாள் கட்டாயம் என்று 2021 டிசம்பரில் அரசாணை வந்தது. குறைந்தது 40 விழுக்காடு எடுக்காவிட்டால் மற்ற விடைகளைத் திருத்தவே மாட்டார்கள். எத்தனை பிள்ளைகள் மூன்று நான்கு வருடம் கோச்சிங் சென்டருக்குப் போய் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். பொது அறிவுக்கு ஆப்பில் பயிற்சி எடுக்கலாம், எழுத்துத் தமிழுக்கு முடியாது. அதற்கு ஒருவர் படித்துப் பார்த்துத் திருத்த வேண்டும்.

வேலை கிடைப்பதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. கவனமாகப் படிக்கத் தெரியாததால் பிள்ளைகள் வலையில் விழுகிறார்கள். டெலிகிராமில் "வீட்டிலிருந்தே பார்ட் டைம், வீடியோவுக்கு லைக் போட்டால் பணம்" என்று ஒரு செய்தி வரும். முதலில் கொஞ்சம் பணமும் வரும், பிறகு கட்டச் சொல்வார்கள், கட்டிய பணம் போய்விடும். இன்னொரு கூட்டம், உன் வங்கிக் கணக்கைச் சில நாள் கொடு, கமிஷன் தருகிறோம் என்று கல்லூரி மாணவர்களிடமே கேட்கிறது. மோசடிப் பணம் அந்தக் கணக்கு வழியாகப் போகும், கணக்கு முடக்கப்படும், போலீஸ் மாணவனைத் தேடி வரும். இதைவிடக் கொடுமை வெளிநாட்டு வேலை. தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி, கை நிறையச் சம்பளம் என்று சமூக வலைத்தளத்தில் பார்த்து நம்பிப் போனவர்களை மியான்மரின் மியாவாடி பகுதிக்குக் கடத்தி, இணைய மோசடி செய்யச் சொல்லி அடைத்துவைத்தார்கள். 2022 அக்டோபரில் தமிழ்நாட்டைச் சேர்ந்த 13 பேர் அங்கிருந்து மீட்கப்பட்டுச் சென்னை வந்து சேர்ந்தார்கள். அதற்கு முந்தைய மாதமே வெளியுறவு அமைச்சகம் எச்சரிக்கை வெளியிட்டிருந்தது.

ஏமாந்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. வேலையில்லாத வீட்டில் அந்த விளம்பரம் எப்படித் தெரியும் என்று நமக்குத் தெரியும். ஆனால் ஒரு வேலைக் கடிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு, நிறுவனத்தின் முழு முகவரி இருக்கிறதா, சம்பளம் எழுத்தில் இருக்கிறதா, எந்த வகை விசா, யார் கையெழுத்து, வெளிநாட்டு வேலைக்கு அனுப்பும் முகவர் அரசிடம் பதிவு செய்தவரா என்று வரி வரியாகப் படிக்க வைப்பது மொழி வகுப்பில் நடக்கக்கூடிய காரியம். ஒரு செய்யுளில் சொல்லாமல் விட்டது எது என்று கண்டுபிடிக்க நீங்கள்தான் கற்றுத் தருகிறீர்கள். ஒரு வேலை விளம்பரத்தில் சொல்லாமல் விட்டது எது என்று கேட்கவும் உங்களைவிடத் தகுதியானவர் கல்லூரியில் இல்லை. பணம் போய்விட்டால் உடனே இணைய மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அழைக்க வேண்டும் என்பதையும் அப்படியே சொல்லி வையுங்கள். பலருக்குத் தெரியவில்லை.

பிள்ளைகளுக்கு மொழி வராது என்று மட்டும் தயவுசெய்து முடிவு கட்டிவிடாதீர்கள். எங்கள் தொழிற்சாலையில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் நிறைய. இங்கே சேரும் நம் பிள்ளைகள் ஆறேழு மாதத்தில் அவர்களோடு இந்தியில் வேலை வாங்கும் அளவுக்குப் பேசிவிடுகிறார்கள். எந்த வகுப்புக்கும் போகவில்லை. ஒரு பையன் சேரும்போதே பேசினான், எப்படி என்று கேட்டேன். போனில் கேம் விளையாடும்போது வடநாட்டுப் பையன்களோடு பேசிப் பேசிக் கற்றுக்கொண்டானாம். கொரிய நாடகங்களை ஆங்கில சப்டைட்டிலோடு பார்த்தே ஆங்கிலம் வேகமாகப் படிக்கப் பழகிய பெண்கள் இருக்கிறார்கள். எதிரில் ஒருவர் பதில் சொல்லும் இடத்தில், தப்பு உடனே தெரிந்து திருத்திக்கொள்ளும் இடத்தில், இவர்களுக்கு மொழி வேகமாக வருகிறது. எங்கள் அலுவலகத்திலும் இதையே செய்கிறோம். புதிதாகச் சேர்ந்தவர்களில் ஒருவரை பையராக வைத்து, இன்னொருவரை மெர்ச்சண்டைசராக வைத்து, மெயில் எழுதிப் பதில் போட வைக்கிறோம். கேட்ட கேள்விக்குப் பதில் வராவிட்டால் பையராக இருப்பவர் விடமாட்டார். சில மாதத்தில் எழுத்து திருந்திவிடுகிறது. ஆனால் அந்தச் சில மாதம் கிடைப்பது நேர்காணலில் தேறி உள்ளே வந்தவர்களுக்கு மட்டும். விண்ணப்பத்தைப் பார்த்தே ஒதுக்கப்பட்டவர்களுக்கு அது கிடைப்பதில்லை. நான் ஒதுக்கும் விண்ணப்பங்களுக்குப் பின்னால் நல்ல பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்தேதான் ஒதுக்குகிறேன். அவசர வேலைக்கு நாளைக்கே மெயில் எழுதும் ஆள் வேண்டியிருக்கிறது.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். பி.ஏ., பி.எஸ்சி. மாணவர்களுக்குப் பொதுவாக நான்கு பருவம் தமிழும் ஆங்கிலமும் இருக்கின்றன. பி.காம்., பி.சி.ஏ. போன்ற படிப்புகளுக்குச் சில பல்கலைக்கழகங்களில் முன்பு இரண்டு பருவம்தான் இருந்தது. அந்த நேரத்தில் ஒரு பகுதியை, உள்மதிப்பீட்டு மதிப்பெண்ணில் ஒரு பகுதியை, இப்படி இருவர் எழுதிப் பதில் போடும் பயிற்சிக்கு ஒதுக்குங்கள். ஆங்கிலத்தில் ஒன்று, தமிழில் ஒன்று. போனிலேயே எழுதட்டும், போனை வெளியே வைத்துவிட்டு வரச் சொல்ல வேண்டாம். தமிழ் வகுப்பில் தமிழ் எழுத்தில் தட்டச்சு செய்யட்டும். முதல் தடவை எழுதியதற்கு மதிப்பெண் வேண்டாம். படித்தவர் கேட்ட கேள்விகளுக்குப் பிறகு திருத்தி எழுதியதற்குக் கொடுங்கள்.

எழுபது, எண்பது பேர் இருக்கும் வகுப்பில் எல்லாருடையதையும் யார் படிப்பது என்பீர்கள். நியாயமான கேள்வி. பல துறைகளில் குறைந்த ஊதியத்தில் கௌரவ விரிவுரையாளர்கள்தான் சுமையைத் தாங்குகிறார்கள், இரண்டு ஷிஃப்டும் ஓடுகிறது. இதை மாற்ற வேண்டியது அரசு. காலிப் பணியிடங்களை நிரப்பாமல் மொழித் திறனைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை என்பதை உயர்கல்வித் துறைக்கும் இந்த மடல் வழியாகச் சொல்கிறேன். ஆனால் இருவர் இருவராக எழுத வைத்தால் முதல் வாசகர் சக மாணவர்தான். நீங்கள் ஒவ்வொரு வாரமும் பத்துப் பதினைந்து ஜோடிகளுடையதைப் பார்த்தால் போதும். தன்னாட்சிக் கல்லூரிகள் இதை வேறு யாரையும் கேட்காமல் தங்கள் பாடத்திட்டக் குழுவிலேயே கொண்டுவரலாம்.

இலக்கியத்தை எடுத்துவிட்டு இதை வைக்கச் சொல்கிறேன் என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். நல்ல உரைநடையைப் படிக்காதவருக்கு நல்ல மெயில் எழுத வராது. வேலைக்கான ஆங்கிலப் பயிற்சியைத்தான் அரசே தருகிறதே என்றும் சொல்வார்கள். 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தில் பயன்பெற்றுவந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன், அது தொடர வேண்டும். ஆனால் மொழி ஆசிரியரோடு இரண்டு ஆண்டு வாரந்தோறும் உட்காரும் வாய்ப்பு அதில் இல்லை. அது உங்களிடம்தான் இருக்கிறது.

2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா 50 விழுக்காடு வரி போட்டபோது இந்த ஊர் எப்படி ஆடிப்போனது என்று செய்திகளில் படித்திருப்பீர்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு கம்பெனியும் பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் புதிய பையர்களைத் தேடி எழுதிக்கொண்டிருக்கிறது. முன்பின் தெரியாதவருக்கு எழுதும் மெயில்கள்தான் அவை எல்லாம். அதை எழுத ஆள் தேடுகிறோம், உங்கள் கல்லூரிகளிலிருந்துதான் தேடுகிறோம்.

வகுப்பில் பயன்படுத்த நிஜமான மெயில்கள் வேண்டுமென்றால் தருகிறோம். பையர் பெயர், விலை எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, நல்ல பதில், சொதப்பிய பதில் இரண்டையும் சேர்த்தே அனுப்புகிறோம். இங்குள்ள மற்ற அலுவலக நண்பர்களிடமும் பேசியிருக்கிறேன், பருவத்துக்கு ஒரு நாள் வகுப்புக்கு வந்து பையராக உட்கார்ந்து மாணவர்களின் மெயிலுக்குப் பதில் போட அவர்களும் தயார். வரும் ஜூனில் வகுப்புகள் தொடங்கும் முன் உங்கள் பாடத்திட்டக் குழு கூடும்போது எங்களையும் ஒரு மணி நேரம் கூப்பிடுங்கள். விடுமுறை எடுத்துக்கொண்டு வருகிறோம்.

இப்படிக்கு,
திருப்பூர் ஏற்றுமதி அலுவலகம் ஒன்றின் மெர்ச்சண்டைசிங் பிரிவிலிருந்து